அரியலூர்க் கல்லைப் படித்த வியன்னா மாணவர்!

அரியலூர் எங்கே? வியன்னா எங்கே?

ஒன்று, தமிழ்நாட்டின் நடுவே வெயில் கொளுத்தும் சுண்ணாம்புக்கல் பூமி. மற்றொன்று, ஐரோப்பாவின் நடுவே பனி பெய்யும் பெரிய பட்டணம். ஆஸ்திரியா நாட்டின் தலைநகரம். அங்கே மக்கள் பேசும் மொழி ஜெர்மன்.

இந்த இரண்டு ஊர்களுக்கும் என்ன தொடர்பு?

கல்தான் தொடர்பு!

அரியலூரிலும் பெரம்பலூரிலும் காலில் இடறும் கற்களைப் படித்து, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உலகப் புகழ் பெற்றவர்கள் இரண்டு பேர். இருவரும் வியன்னா பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள்.

இன்று காலம் மாறிவிட்டது. பெரம்பலூர், அரியலூர் வீட்டுப் பிள்ளைகள் ஜெர்மன் பேசும் நாடுகளுக்குப் போய்ப் படிக்கலாமா என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு வழி உண்டா? செலவு எவ்வளவு? அதையும் பார்ப்போம். முதலில் கல்லின் கதை.

கடல் வந்த ஊர்

ராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தில் இருந்து ஆட்சி செய்தான். கடல் கடந்து கப்பற்படையை அனுப்பினான். கடாரம் வென்றான். அந்தக் கங்கைகொண்ட சோழபுரம் இப்போது அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது.

ராஜேந்திரன் கடலுக்குப் படை அனுப்புவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே, கடல் அரியலூருக்கு வந்திருந்தது!

ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கிழக்கில் இருந்து கடல் நிலத்துக்குள் புகுந்தது. இன்றைய பெரம்பலூர், அரியலூர் பகுதிகள் நீருக்குள் மூழ்கின. கடல் சில காலம் முன்னே வந்தது. சில காலம் பின்னே போனது. இப்படிப் பல கோடி ஆண்டுகள் நடந்தன.

அந்தக் கடலில் சிப்பிகள் வாழ்ந்தன. சுறாக்கள் நீந்தின. ஆட்டுக்கடாவின் கொம்பு போலச் சுருண்ட ஓட்டுக்குள் ஒரு வகைப் பிராணி வாழ்ந்தது. அதற்கு அம்மோனைட் என்று பெயர். கணவாய் மீனுக்குத் தூரத்து உறவு.

அவை செத்து அடியில் விழுந்தன. மேலே சேறு மூடியது. காலப்போக்கில் சேறும் கல்லாயிற்று. ஓடும் கல்லாயிற்று.

அம்மோனைட்டை நம் மக்கள் அறியாதவர்கள் அல்ல. பெருமாள் கோவிலிலும் பல வீட்டுப் பூஜை அறையிலும் இருக்கிறதே சாளக்கிராமம், அதில் பெரும்பாலானவை இந்த அம்மோனைட் கல்தான். அவை நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைப்பவை. அதே குலத்தைச் சேர்ந்த கற்கள் பெரம்பலூர் அருகே காரை என்ற ஊரின் செம்மண் ஓடைகளிலும் கிடைத்தன!

கல்லுக்குச் சாமி பெயர்

1840-களில் சென்னை ராஜதானியில் கே, கன்லிஃப் என்று இரண்டு வெள்ளைக்கார அதிகாரிகள் இருந்தார்கள். புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் இந்தக் கற்களைத் திரட்டினார்கள். அவற்றை லண்டனுக்கு அனுப்பினார்கள்.

லண்டனில் எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற விஞ்ஞானி அவற்றை ஆராய்ந்தார். 1846-ல் அவர் எழுதிய நூல் வெளிவந்தது. புதுச்சேரியில் கிடைத்த அம்மோனைட் இனங்களுக்கு அவர் என்ன பெயர் வைத்தார் தெரியுமா? பிரம்மா, இந்திரன், சூரியன்!

பிறகு ஹென்றி பிளான்ஃபோர்டு வந்தார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்தவர். திருச்சி ஜில்லாவைச் சுற்றிப் பார்த்து, பாறைகளை மூன்று அடுக்குகளாகப் பிரித்தார். அடியில் இருப்பது ஊட்டத்தூர் அடுக்கு. நடுவில் திருச்சி அடுக்கு. மேலே அரியலூர் அடுக்கு. அன்று பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி ஜில்லாவில் இருந்தன. பெரம்பலூர் 1995-ல் தனி மாவட்டம் ஆயிற்று. அரியலூர் 2007-ல் நிலையாகத் தனி மாவட்டம் ஆயிற்று.

பிளான்ஃபோர்டு வைத்த அந்தப் பெயர்கள் இன்றும் மாறவில்லை. உலகில் எந்த நாட்டில் புவியியல் நூலைப் புரட்டினாலும், தென்னிந்தியப் பாறைகளைப் பற்றிய பக்கத்தில் 'அரியலூர்' என்ற பெயர் இருக்கும்.

பாறைகளுக்குப் பெயர் வைத்தாயிற்று. கற்கள் கல்கத்தாவில் குவிந்துவிட்டன. அவை என்ன பிராணிகள்? எந்தக் காலத்தவை? இதைச் சொல்ல ஆள் வேண்டுமே!

காட்டுக் காவலர் மகன்

அந்த ஆள் வியன்னாவில் இருந்தார். அவர் பெயர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா.

1838-ல் மொராவியா என்ற பகுதியில் பிறந்தார். அது அப்போது ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. இன்று செக் நாட்டில் இருக்கிறது. அவருடைய தகப்பனார் வனக்காவலர். பங்களா, பரம்பரைச் சொத்து என்று ஒன்றும் இல்லை.

காட்டில் வளர்ந்த பையன், படிப்பில் கெட்டிக்காரன். பிராக் நகரிலும் பிறகு வியன்னா பல்கலைக்கழகத்திலும் படித்தான்.

வியன்னா பல்கலைக்கழகம் 1365-ல் தொடங்கியது. விஜயநகர அரசு தோன்றி முப்பது ஆண்டுகள்கூட ஆகாத காலம்!

அங்கே ஸ்டோலிச்காவுக்கு வாய்த்த ஆசிரியர்களில் ஒருவர் எட்வர்டு சூஸ். டாக்டர் பட்டம் பெறாமலே பேராசிரியர் ஆனவர். பின்னாளில், மலையில் இருந்து வியன்னா நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவரப் பாடுபட்டவர். அந்தக் குழாய்த் தண்ணீர் 1873-ல் நகரத்துக்கு வந்தது.

பழங்காலத்தில் தென்கண்டங்கள் ஒன்றாக இருந்தன என்று சொல்லி, அந்தப் பெரு நிலத்துக்குப் பெயர் வைத்தவரும் சூஸ்தான். என்ன பெயர்? கோண்டுவானா! நம் மத்திய இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் காட்டின் பெயர் அது.

ஸ்டோலிச்கா 1861-ல் ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். மறு ஆண்டே கல்கத்தாவில் இருந்து அழைப்பு வந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தலைவர் தாமஸ் ஓல்டாம் அவரை வேலைக்குக் கூப்பிட்டார்.

அப்போது ஸ்டோலிச்காவுக்கு வயது 24. சூயஸ் கால்வாய் இன்னும் திறக்கவில்லை. அது திறந்தது 1869-ல். தாய்நாட்டை விட்டு, தெரியாத தேசத்துக்குப் புறப்பட்டார். இனி எழுத வேண்டியதோ ஆங்கிலத்தில். அது அவர் வீட்டு மொழியும் அல்ல, பள்ளி மொழியும் அல்ல.

1,500 பக்கம்!

கல்கத்தாவில் ஸ்டோலிச்காவிடம் ஒப்படைக்கப்பட்ட பெரிய வேலை, தென்னிந்தியக் கற்கள்.

வேலை எளிதல்ல. ஒவ்வொரு கல்லையும் கையில் எடுக்க வேண்டும். ஒட்டிய மண்ணைச் சுரண்ட வேண்டும். அளக்க வேண்டும். ஓட்டில் எத்தனை வரி, எத்தனை மடிப்பு என்று எண்ண வேண்டும். ஐரோப்பாவில் கிடைத்த கற்களோடு ஒப்பிட வேண்டும். பிறகு படம் வரைய வேண்டும். புதிய இனம் என்றால் பெயர் வைக்க வேண்டும்.

ஒன்றல்ல, இரண்டல்ல. சுருள் ஓடு, நத்தை, சிப்பி, கடல் முள்ளெலி, பவளம் என்று நூற்றுக்கணக்கான இனங்கள்!

1860-களில் முதல் பகுதி அச்சாயிற்று. 1873-ல் கடைசிப் பகுதி முடிந்தது. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 1,500 பக்கம். 178 படத் தகடுகள். இடையில் இமயமலை, பர்மா, அந்தமான், கட்ச் என்று சுற்றுப்பயணம் வேறு.

அரியலூர்க் கடலைப் பற்றிய அந்த நூல் இன்றும் பழையதாகிவிடவில்லை. காரையிலோ கல்லங்குறிச்சியிலோ ஒரு கல்லை எடுக்கும் ஆராய்ச்சி மாணவர் முதலில் புரட்டுவது ஸ்டோலிச்காவின் படங்களைத்தான்.

பனி மலையில் மரணம்

நூல் முடிந்த கையோடு ஸ்டோலிச்கா மற்றொரு பயணம் புறப்பட்டார். 1873-ல் யார்க்கண்டுக்குத் தூதுக்குழு ஒன்று கிளம்பியது. ஃபார்சித் என்பவர் தலைவர். ஸ்டோலிச்கா அந்தக் குழுவின் விஞ்ஞானி.

திரும்பும் வழியில் காரகோரம் கணவாய். உயரம் 18,000 அடிக்கு மேல். மூச்சு விடவே காற்றுப் போதாது. கணவாயைக் கடந்தபோது அவருக்குத் தலைவலி தாங்க முடியவில்லை. அப்படியும் பாறைகளைப் பார்ப்பதை அவர் விடவில்லை.

1874 ஜூன் 19. லடாக்கில் முர்கோ என்ற இடம். ஸ்டோலிச்கா இறந்துபோனார். 36 வயது முடிந்து பன்னிரண்டே நாள்!

அவர் உடலை லே நகரில் அடக்கம் செய்தார்கள். அங்கே அவருக்கு நினைவுத் தூண் இருக்கிறது. வனக்காவலர் மகன் பெரிய படிப்புப் படித்தார். பெரிய நூல் எழுதினார். ஆனால், சொந்த ஊர் மண்ணில் அடங்கவில்லை.

இரண்டாவது மாணவர்

ஸ்டோலிச்காவோடு கதை முடியவில்லை.

1890-களில் வார்த் என்ற ஆய்வாளர் திருச்சி ஜில்லாவிலும் புதுச்சேரியிலும் புதிதாகக் கற்களைத் திரட்டினார். வியன்னாவில் ஃபிரான்ஸ் கோஸ்மாட் என்ற இளைஞர் அவற்றை ஆராய்ந்தார். இவரும் வியன்னா பல்கலைக்கழக மாணவர். 1871-ல் பிறந்தவர். 1895-ல் தென்னிந்தியக் கற்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதத் தொடங்கினார். 1898-ல் முடித்தார். தொடங்கியபோது வயது ஏறத்தாழ 24!

அவர் கண்டது என்ன? இங்கே கிடைக்கும் இனங்கள் மடகாஸ்கரிலும் ஜப்பானிலும் இருக்கின்றன. அப்படியானால் அந்தக் கடல்களுக்குள் தொடர்பு இருந்திருக்க வேண்டும். பழைய உலகத்தின் கடல் வழியைக் காட்டும் படமாக அரியலூர்க் கல் பயன்பட்டது!

விஞ்ஞானிகள் நன்றி மறக்கவில்லை. அம்மோனைட் குலம் ஒன்றுக்கு 'ஸ்டோலிச்காயா' என்று பெயர். மற்றொரு குலத்துக்கு 'கோஸ்மாட்டிசெராஸ்' என்று பெயர். அந்தக் குலத்துக்கு மாதிரியாக வைத்த இனத்தை 1865-ல் முதலில் விவரித்தவர் ஸ்டோலிச்கா. முன்னவர் படித்த கல்லுக்குப் பின்னவர் பெயர்!

நம்மவர் போன கதை

அவர்கள் இங்கே உள்ள கல்லைப் படித்தார்கள். நம்மவர்கள் அங்கே போய்ப் படித்தார்களா?

படித்தார்கள். டாக்டர் ஜாகிர் உசேன் பெர்லினில் ஆராய்ச்சி செய்து 1926-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு நம் நாட்டின் குடியரசுத் தலைவர் ஆனார். ராம் மனோகர் லோகியாவும் பெர்லினில் படித்தார். அவர் ஆராய்ந்த பொருள் உப்பு வரி!

ஜெர்மனி நம் ஊருக்கும் வந்தது. 1959-ல் சென்னை கிண்டியில் தொடங்கிய ஐ.ஐ.டி., மேற்கு ஜெர்மனியின் உதவியோடு உருவானது. அங்கிருந்து பேராசிரியர்கள் வந்தார்கள். இயந்திரங்கள் வந்தன. இங்கிருந்து ஆசிரியர்கள் ஜெர்மனிக்குப் பயிற்சிக்குப் போனார்கள்.

பெண்கள்? வியன்னா பல்கலைக்கழகமே 1897-ல்தான் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. அதுவும் முதலில் தத்துவப் பிரிவில் மட்டும். மருத்துவம் 1900-ல். இன்று அந்தத் தடை எதுவும் இல்லை.

2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியில் படித்த இந்திய மாணவர்கள் ஏறத்தாழ 49,000 பேர். வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே முதல் இடம்!

செலவு எவ்வளவு?

இனி, வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டிய விஷயம்.

"ஜெர்மனியில் படிப்பு இலவசம்" என்று பலர் சொல்கிறார்கள். பாதி உண்மை. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை. பருவத்துக்கு ஒரு சிறு தொகை மட்டும் உண்டு. தனியார் கல்லூரி என்றால் கட்டணம் உண்டு. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் மாணவர்களுக்கு 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ. ஸ்டோலிச்கா பட்டம் பெற்ற டியூபிங்கன் அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது!

வியன்னாவில்? 2024 கணக்குப்படி பருவத்துக்கு 726 யூரோ 72 செண்ட். மாணவர் சங்கக் கட்டணம் தனி.

படிப்பு இலவசம். சோறு இலவசமா? வீட்டு வாடகை இலவசமா? இல்லை!

அதனால் ஜெர்மனி ஒரு விதி வைத்திருக்கிறது. ஓர் ஆண்டுச் சாப்பாட்டுச் செலவுக்கும் வாடகைக்கும் பணம் இருக்கிறது என்று விசா கேட்கும் மாணவர் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. அப்போதைய மதிப்பில் ஏறத்தாழ 11 லட்சம் ரூபாய். இதைத் தனிக் கணக்கில் போட வேண்டும். மாதம் 992 யூரோதான் எடுக்கலாம். இது கட்டணம் அல்ல. மாணவரின் சொந்தப் பணம். என்றாலும், புறப்படும் முன்பே கையில் இருக்க வேண்டிய பணம்.

இரண்டு ஏக்கர் நிலத்தை நம்பி வாழும் குடும்பத்துக்கு இது சின்னத் தொகையா?

படித்துக்கொண்டே வேலை செய்யலாம். ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வரை 2024 முதல் அனுமதி உண்டு. ஆனால், அந்தக் கூலியை நம்பி முதல் ஆண்டுக் கணக்கைப் போடக் கூடாது. மொழி தெரியாதவருக்கு உடனே வேலை கிடைக்காது. பரீட்சை நேரத்தில் வேலைக்குப் போகவும் முடியாது.

உதவித்தொகைகள் உண்டு. ஜெர்மனியின் டாட் அமைப்பு உதவித்தொகை கொடுக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் உண்டு. இவற்றுக்கெல்லாம் நேரடியாக விண்ணப்பம் போடலாம். நடுவில் ஆள் தேவை இல்லை.

ஏஜெண்டு வேண்டுமா?

"இடம் வாங்கித் தருகிறேன். விசாவுக்கு நான் கியாரண்டி" என்று ஒருவர் சொன்னால், அங்கேயே நிறுத்துங்கள். விசா கொடுப்பது தூதரகம். இடம் கொடுப்பது பல்கலைக்கழகம். இருவர் சார்பிலும் கியாரண்டி கொடுக்க யாராலும் முடியாது.

2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களின் மார்க்குப் பட்டியல்களைச் சோதிக்க ஏ.பி.எஸ். என்ற அலுவலகம் இருக்கிறது. ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் பெரும்பாலோர் அதன் சான்றிதழைப் பெற வேண்டும். பொய்ச் சான்றிதழ் அங்கே பிடிபடும். ஏமாற்றியவர் தப்பிவிடுவார். மாட்டிக்கொள்பவர் மாணவர். கடனைக் கட்டுபவர் தகப்பனார்.

விற்ற நிலம் திரும்பி வராது. ஆகவே, கையெழுத்துப் போடும் முன் பல்கலைக்கழகத்துக்கு நேரே எழுதிக் கேளுங்கள். அவர்கள் பதில் எழுதுவார்கள்.

மொழி என்ன பாடு படுத்தும்?

முதுகலைப் படிப்பில் ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்புகள் உண்டு. இளங்கலை பெரும்பாலும் ஜெர்மனில்தான். எந்த வகுப்பாக இருந்தாலும் கடையில் காய் வாங்கவும், டாக்டரிடம் வலியைச் சொல்லவும், வேலை தேடவும் ஜெர்மன் வேண்டும்.

ஜெர்மன் மொழிக்கு ஆறு படிகள். ஏ1 முதல் சி2 வரை. சென்னையில் மாக்ஸ் முல்லர் பவனில் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அந்த மொழியில் வேடிக்கைகள் உண்டு. மேஜை ஆண்பால். விளக்கு பெண்பால். 'சிறுமி' என்ற சொல்லோ ஆண்பாலும் அல்ல, பெண்பாலும் அல்ல! தமிழ்ப் பிள்ளைக்கு இது தலை சுற்றும்.

ஆனால், ஒரு சௌகரியமும் உண்டு. ஜெர்மனில் துணை வாக்கியங்களில் வினைச்சொல் கடைசியில் வரும். நம் தமிழிலும் அப்படித்தானே? ஆங்கிலேயர் தடுமாறும் இடத்தில் தமிழர் எளிதாகப் போய்விடலாம்!

வியன்னாவுக்கு ஜெர்மன் மொழியில் என்ன பெயர்? 'வீன்'. ரெயில் நிலையப் பலகையில் அதைத்தான் தேட வேண்டும்.

யார் படிப்பார்கள்?

அரியலூரைச் சுற்றி சிமெண்டு ஆலைகள். சுரங்கத்தில் வெட்டுவது அந்தப் பழங்காலக் கடலின் சுண்ணாம்பு. அந்தச் சிப்பிகள்தான் இன்று வீட்டுக்குச் சுவராகவும் பாலத்துக்குத் தூணாகவும் நிற்கின்றன. சிமெண்டும் வேண்டும். வேலையும் வேண்டும். ஆனால், அரவை இயந்திரத்தில் விழுந்த கல்லை இனி யாரும் படிக்க முடியாது.

எல்லாம் போய்விடவில்லை. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் கிடக்கிறது. நீளம் ஏறத்தாழ 60 அடி. 1940-ல் அதைக் கண்டறிந்தவர் டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன். தஞ்சை மண்ணில் பிறந்தவர். லண்டனில் படித்தவர். ஸ்டோலிச்கா வேலை பார்த்த அதே இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு 1951-ல் முதல் இந்தியத் தலைவர் ஆனவர்! அந்த மரத்துக்கு இன்று வேலி போட்டுக் காவல் இருக்கிறது. அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டலாம்.

ஓடையில் சுருள் கல் கிடைத்தால் விற்றுவிட வேண்டாம். உடைக்கவும் வேண்டாம். எந்த இடத்தில் கிடைத்தது என்று எழுதி, பள்ளி ஆசிரியரிடமோ அருங்காட்சியகத்திலோ கொடுங்கள். எந்த இடம் என்று தெரியாத கல், முகவரி இல்லாத கடிதம் மாதிரி.

புவியியல் படிக்க முதலிலேயே வெளிநாடு போக வேண்டியதும் இல்லை. திருச்சி நேஷனல் கல்லூரியில் அந்தப் பாடம் இருக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் இருக்கிறது. இங்கே அடித்தளம் போட்டு, ஜெர்மன் மொழியைச் சேர்த்துப் படித்து, பிறகு வியன்னாவுக்கோ டியூபிங்கனுக்கோ போகிற பிள்ளைக்கு ஒரு பெருமை காத்திருக்கிறது.

அங்கே பேராசிரியர், "எந்த ஊர்?" என்று கேட்பார்.

"அரியலூர்" என்று சொன்னால் போதும். பழைய கடலைப் படித்த பேராசிரியருக்கு அந்த ஊரை விளக்க வேண்டியது இல்லை. ஸ்டோலிச்காவும் கோஸ்மாட்டும் அந்தப் பெயரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி!